கேட்கும் காதும் கையெழுத்திடும் கையும்



பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் பழமொழி. பகலில் பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியும். அதற்கேற்பப் பேச்சை அளந்துகொள்ளலாம். இரவில் யார் நிற்கிறார் என்பதே தெரியாது. ஆகவே வாயைத் திறக்காதே. கேட்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது பேச்சுக்கு என்ன நேரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்கள் இல்லை. செல்பேசியும் இணையமும் நம் பேச்சில் பெரும்பகுதியை அந்த இரவுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கின்றன. பேசியதற்காகத் தண்டிக்கும் சட்டங்களைப் பற்றி இந்த நாட்டில் நிறைய விவாதித்திருக்கிறோம். பேசும்போதே மறைவில் நின்று கேட்கும் அதிகாரத்தைப் பற்றி அந்த அளவுக்கு விவாதிக்கவில்லை. அரசு எவருடைய உரையாடலையும் எப்போதும் கேட்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. கேட்க விரும்புகிற நிர்வாகமே அதற்கான ஆணையில் கையெழுத்திடுகிறது; ஆணை சரிதானா என்பதையும் அதே நிர்வாகத்தின் மூத்த அதிகாரிகள் பார்க்கிறார்கள்; கேட்கப்பட்டவருக்குக் கடைசிவரை செய்தி போவதில்லை. இந்த ஏற்பாடு நீடிக்கும்வரை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் பேச்சுரிமை நமக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது. இதுவே இன்று நான் நிறுவ முயலும் கருத்து.

கிடைத்திருக்கும் பாதி எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து தொடங்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, இணையத்தில் எரிச்சலூட்டும் விதமாக எழுதினாலே மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ட்வீட் ஒன்றுக்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பு பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். நாடே பார்த்தது, கொதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவு முழுவதும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகும் பல மாநிலக் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. அதை நிறுத்தச் சொல்லி 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. ஆனாலும் இங்கே ஓர் அடிப்படை வசதி இருந்தது. கைது கண்ணுக்குத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியும். அவர் மனுதாரராக முடியும். ஒட்டுக்கேட்கப்பட்டவரோ மனுதாரராக முடியாது. தன் தொலைபேசியில் இன்னொரு காது இருந்தது என்பதே தெரியாதவர் எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்? அடிப்படை உரிமைகள் எல்லாம் யாரோ ஒருவர் வழக்குத் தொடுப்பார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. அந்த ஒருவர் உருவாகாமலே பார்த்துக்கொள்ளும் வல்லமை மறைவான கண்காணிப்புக்கு இருக்கிறது.

இந்த அதிகாரத்தின் வேர் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 5(2) பிரிவு, பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ எழும்போது செய்திகளை இடைமறிக்க அரசுக்கு அனுமதி தந்தது. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நூறாண்டு கடந்தும் விதிகள் எழுதப்படவில்லை. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சிபிஐ அறிக்கை வெளிவந்த பிறகு, மக்கள் குடியுரிமைக் கழகமான பியூசிஎல் வழக்குத் தொடுத்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தொலைபேசி உரையாடல் அந்தரங்கத்தின் பகுதி, அதை ஒட்டுக்கேட்பது அந்தரங்கத்தை மட்டுமல்லாமல் பேச்சுரிமையையும் தொடுகிறது. அடுத்து வந்ததுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஒட்டுக்கேட்கும் முன் நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று மனுதாரர் தரப்பு கேட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லாதபோது நாங்களாக அதைப் புகுத்த முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. இங்கிலாந்திலும் அமைச்சர்தானே ஆணையிடுகிறார் என்று சுட்டிக்காட்டியது. உள்துறைச் செயலாளர் ஆணையிடுவது, செயலாளர்கள் அடங்கிய குழு மறுஆய்வு செய்வது என்ற இடைக்கால ஏற்பாட்டைத் தந்தது. அந்த இடைக்காலம் இன்னும் முடியவில்லை. 2007இல் அதுவே தந்தி விதிகளில் 419ஏ விதியானது. 2009இல் இணையத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இங்கிலாந்து 2016இல் தன் சட்டத்தை மாற்றி, அமைச்சர் கையெழுத்திட்ட ஆணையை நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஏற்றால்தான் அது செல்லும் என்று இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டது. எந்த நாட்டைக் காட்டி நமக்கு நீதிபதி மறுக்கப்பட்டாரோ, அந்த நாடே நீதிபதியை உள்ளே அழைத்துக்கொண்டது.

இணையத்துக்கு நீட்டித்தபோது இன்னொன்றும் நடந்தது. தந்திச் சட்டத்தில் வாசல்படி ஒன்று இருந்தது: பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு. அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அந்தப் படியே இல்லை. போதாததற்கு, எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் இடைமறிக்கலாம் என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. நம் தாத்தா காலத்துத் தந்திக்கு இருந்த காப்பு நம் மின்னஞ்சலுக்கு இல்லை. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பிரிவின் கீழ் 10 அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்து ஆணை வெளியிட்டது.

இனி, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதற்குக் கிடைத்திருக்கும் சில எண்களைப் பார்ப்போம். மத்திய அரசு மட்டுமே மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி இடைமறிப்பு ஆணைகள் பிறப்பித்துவந்தது என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்த செய்தி. தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவுக்காக நியமிக்கப்பட்ட நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த அறிக்கை இதன் விளைவை எடுத்துச்சொல்கிறது: இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருந்தது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். குழு உறுப்பினர்களான அமைச்சரவைச் செயலாளரும் சட்டச் செயலாளரும் தொலைத்தொடர்புச் செயலாளரும் மற்ற அலுவல்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு நாள் முழுக்க 8 மணி நேரம் உட்கார்ந்தாலும், ஓர் ஆணைக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்கும் குறைவு. கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டக்கூட அது போதாது. அந்த அதிகாரிகளின் நேர்மையை நான் ஐயுறவில்லை. எவ்வளவு நேர்மையானவராலும் இரண்டு விநாடியில் ஒரு குடிமகனின் அந்தரங்கத்தை எடைபோட முடியாது. மாநிலங்களிலும் வடிவம் இதுவே: ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர், மறுஆய்வு செய்பவர்கள் தலைமைச் செயலாளரும் வேறு இரு செயலாளர்களும். எல்லோரும் ஒரே அமைச்சரவைக்குக் கீழே பணிபுரிபவர்கள்.

மறைவாகக் கேட்கப்படலாம் என்ற எண்ணம் பேச்சை உண்மையில் குறைக்கிறதா, அல்லது இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். அமெரிக்க அரசின் மறைவான கண்காணிப்பு பற்றிய எட்வர்டு ஸ்நோடனின் வெளிப்படுத்தல்கள் 2013 ஜூனில் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை ஜோனதன் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார். வாசிப்பு தெளிவாகச் சரிந்திருந்தது. அந்த வாசகர்கள் எதையும் எழுதவில்லை, எவரையும் திட்டவில்லை. கலைக்களஞ்சியம் வாசிக்கவே தயங்கினார்கள். அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான பென் 2013இல் நடத்திய கருத்தாய்வில், கண்காணிப்புக்கு அஞ்சி ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி எழுதுவதையோ பேசுவதையோ தவிர்த்ததாக ஏறத்தாழ ஆறில் ஓர் எழுத்தாளர் சொன்னார். இந்த உண்மையை அறிய நமக்கு அமெரிக்கப் புள்ளிவிவரம் கட்டாயம் வேண்டும் என்பதுமில்லை. காவலர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டிச் சோதிப்பதை எதிர்த்த கரக் சிங் வழக்கில், 1962இல் நீதிபதி சுப்பா ராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இது இருக்கிறது. காவலரின் பார்வை பின்தொடரும் ஒருவர் உடலளவில் நடமாடலாம், அது சுதந்திரமான நடமாட்டம் ஆகாது. அப்படிக் கூசிக் குறுகி நடக்க வைப்பது கருத்து வெளிப்பாட்டின் மீதான தடையும் ஆகும் என்றார். அன்று அது சிறுபான்மைக் கருத்து. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, சரியான சட்டம் அதுவே என்று ஏற்கப்பட்டது.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பை நம் மரபிலிருந்தே எடுத்துச் சொல்வார்கள். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். தன் கீழ் வேலை செய்வோர், உறவினர், பகைவர் என எவரையும் விடாமல் ஆராய்வதே ஒற்றின் வேலை என்று வள்ளுவரே சொல்லியிருக்கும்போது, கண்காணிப்பை மேலைநாட்டு அளவுகோலால் அளப்பது ஏன்? வள்ளுவர் பேசுவது முடியாட்சியின் ஒற்றைப் பற்றி. அங்கே குடிமகனுக்கு அரசனுக்கு எதிரான உரிமை என்ற கருத்தே எழவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அதே அதிகாரம் ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளச் சொல்கிறது. மூவர் சொல் ஒத்தால்தான் நம்பச் சொல்கிறது. ஒற்றை முழு மனதாக ஆதரித்தவரே ஒற்றுக்கு வெளியிலிருந்து ஒரு சோதனை வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நம் மறுஆய்வுக் குழுவில் அப்படி வெளியிலிருந்து வருபவர் ஒருவரும் இல்லை.

நாட்டுப் பாதுகாப்பில் தாமதம் ஆபத்து, நீதிபதியைத் தேடி ஓட முடியாது என்பது அடுத்த மறுப்பு. அவசரத்துக்கான வழி விதிகளிலேயே இருக்கிறது: புலனாய்வு அமைப்பின் மூத்த அதிகாரி தானே தொடங்கிவிட்டு ஏழு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் பெறலாம். அந்த ஒப்புதலைத் தருபவர் நீதிபதியாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. இவ்வளவு ஆணைகளை நீதிபதிகளால் பார்க்க முடியுமா என்றால், மூன்று செயலாளர்களால் பார்க்க முடியும் என்று நாம் எப்படி ஒப்புக்கொண்டோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டைச் சோதனையிட மாஜிஸ்ட்ரேட்டுகள் அன்றாடம் வாரன்ட் தருகிறார்கள். அமெரிக்காவில் 1968 முதல் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் ஆணை தேவை. முடிந்த 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆண்டுதோறும் எண்ணிக்கை அச்சிட்டு வெளியிடப்படுகிறது. நம் உச்ச நீதிமன்றமே 2018 ஆதார் தீர்ப்பில், நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் ஆதார் விவரங்களை வெளியிட இணைச் செயலாளர் ஒருவர் ஆணையிட்டால் போதும் என்றிருந்த 33(2) பிரிவை நீக்கி, இன்னும் உயர்ந்த அதிகாரியும் அவரோடு ஒரு நீதித்துறை அதிகாரியும் இருக்க வேண்டும், முடிந்தால் உயர் நீதிமன்ற நீதிபதியே இருக்கலாம் என்றது. முகவரியும் கைரேகையும் கேட்டால் நீதிபதி வேண்டும், ஆறு மாத உரையாடலைக் கேட்டால் வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு அச்சம் எதற்கு என்பாரும் உண்டு. நிறுவனங்களிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அரசிடம் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும் என்பாரும் உண்டு. நிறுவனங்களின் தரவுப் பசி தனிச் சொற்பொழிவுக்குரியது; அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிறுவனம் நம்மைக் கைது செய்ய முடியாது. ஊழலை வெளிப்படுத்தும் ஊழியர் செய்தியாளரை அழைப்பதும், சாதி மறுத்து மணக்க விரும்பும் பெண் வழக்கறிஞரை அழைப்பதும் குற்றங்கள் இல்லை. மறைவாக நடந்தால்தான் அவை நடக்கவே முடியும்.

ஆகக் கனமான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. முகம் காட்டாதவர்களின் ஆபாசத் தாக்குதலால் பெண்கள் இணையத்தை விட்டே விலகுகிறார்கள், வதந்தி ஃபார்வர்டுகளால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இவர்களுடைய உரிமைக்கு என்ன பதில்? இந்தக் கேள்வியை நாட்டின் முன் கூர்மையாக வைத்ததில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பங்குண்டு. இணையக் கொடுமைகளைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி அங்கே 2018இல் மனுக்கள் தாக்கலாயின. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு விசாரணை நகர்ந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் அதைத் தொடங்கியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பினால் முடியும் என்றார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன், அந்த அடையாளத்தைப் போலியாக ஒட்டிவிட முடியும், நிரபராதி மாட்டிக்கொள்வார் என்று மறுத்தார். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வரும் முன்பே 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்களுள்ள செய்திச் செயலிகள் முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. இதில் தொழில்நுட்ப நுணுக்கம் ஒன்று உண்டு. இருமுனை மறையாக்கத்தில் பூட்டும் சாவியும் பேசும் இருவருடைய கைபேசிகளிலேயே இருக்கின்றன. நடுவிலிருக்கும் நிறுவனத்துக்குச் செய்தி தெரியாது. நாளை எந்தச் செய்தியைப் பற்றிக் கேட்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாததால், ஒரு குற்றவாளியைத் தேடுவதற்காகக் கோடிக்கணக்கானவர்களின் ஒவ்வொரு செய்திக்கும் முத்திரை குத்தி வைக்க வேண்டும். குறிப்பிட்ட குற்றத்துக்காகக் குறிப்பிட்டவரைத் தேடுவது ஒன்று. எல்லோரையும் முன்கூட்டியே வரிசையில் நிறுத்தி வைப்பது வேறொன்று. துன்புறுத்தப்பட்ட பெண்ணின் கைபேசியில் அந்தச் செய்தி திறந்த நிலையிலேயே இருக்கிறது. அனுப்பிய எண்ணும் இருக்கிறது. வதந்தி பரவிய குழுவில் இருந்த நூற்றுக்கணக்கானோரில் யாரும் அதைக் காவல் துறையிடம் தரலாம். அப்பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காமல் போவது மறையாக்கத்தை உடைக்கும் கருவி இல்லை. புகாரைப் பதிவு செய்யும் காவல் நிலையம். இதே 2021 விதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றவர்களில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணாவும் ஒருவர். கலைஞனின் கற்பனைக்கு அந்தரங்கம் அடிப்படைத் தேவை என்பது அவர் தரப்பின் வாதம். அவ்விதிகளில் இணையச் செய்தி வெளியீட்டாளர்களைக் கட்டுப்படுத்தும் சில பகுதிகளுக்கு 2021 செப்டம்பரில் அந்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அந்தரங்கமும் பேச்சுரிமையும் ஒன்றையொன்று வெட்டும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அவை சேர்ந்து நின்றதற்கான ஆகச் சிறந்த சான்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டபோது, அதில் தங்கள் பெயர்கள் வரக்கூடும் என்பதால் அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். 1994 அக்டோபரில் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒரே தீர்ப்பில் சொன்னது: தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு, தம் அரசுப் பணி தொடர்பான செயல்களைப் பற்றி எழுதுவதை முன்கூட்டித் தடுக்கும் உரிமை அதிகாரிகளுக்கு இல்லை. குடிமகனுக்குத் திரை, பதவிக்கு வெளிச்சம். இன்று இந்தத் திசை தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தான் அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்குத் தர இடம் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலனுக்காக வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது; ஆனால் பொதுப்பணியோடு தொடர்பற்ற தகவலா என்று முதலில் பார்க்க வேண்டிய கடமை 8(1)(ஜே) பிரிவிலிருந்து போய்விட்டது. மாதம் எத்தனை தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்படுகின்றன என்று நாம் அறிந்ததே அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தால்தான்.

கைபேசிக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் குழு அமைத்தபோது, நாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நீதிமன்றம் ஒதுங்கிவிடாது என்றது. அடுத்த ஆண்டு குழு தந்த அறிக்கையின்படி, சோதித்த 29 கைபேசிகளில் ஐந்தில் ஏதோ தீநிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே கேட்டும் பதில் வராதபோது, தனி மனிதர் ஒருவர் கேட்டு என்ன வரும்?

1885 சட்டத்தை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்த நாட்களில் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் இருந்தார்கள். 138 ஆண்டுப் பழைய அதிகாரம் புதிய சட்டத்தில் அப்படியே குடிபுகுந்தது. 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளரே, மறுஆய்வு செய்பவர்கள் செயலாளர்களே. தேவை இல்லையென்றால் ஆவணங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்ற ஏற்பாடும் தொடர்கிறது. அந்தரங்கத்தைக் காக்கும் நோக்கில் எழுதப்பட்ட அந்த வரி, சம்பந்தப்பட்டவருக்குத் தகவலே தராத அமைப்பில் தவறின் தடயத்தையும் சேர்த்தே அழிக்கிறது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பளித்தார். லஞ்ச வழக்கொன்றின் புலனாய்வுக்காக 2011 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை அவர் ரத்து செய்தார். பொது அவசர நிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. போதாக்குறைக்கு, சேகரித்தவை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்றார். குற்றம் கடுமையானதாக இருக்கலாம், அதற்காகச் சட்டத்தின் வாசல்படியை இல்லாததாக்க முடியாது என்ற இந்த நிலைப்பாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். தவறான ஆணை ஒன்றைத் தவறு என்று சொல்ல 14 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவும் அந்த ஒட்டுக்கேட்பு ஒரு குற்ற வழக்கில் வெளிப்பட்டதால்தான். வழக்காக முடியாத ஒட்டுக்கேட்புகளை எந்த நீதிபதியும் பார்த்ததில்லை. ஆணையிடும் முன் நீதிபதியின் ஒப்புதல், முடிந்த பின் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல், ஆண்டுக்கொருமுறை நாடாளுமன்றத்தின் முன் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சட்டத்தில் வர நாளாகலாம். மறுஆய்வுக் குழுவில் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியைச் சேர்க்கவோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 விதிகளை எழுதிய அதே துறை, அரசிதழில் ஒரு திருத்த அறிவிக்கை வெளியிட்டால் போதும்.